அளவும் அறமும்

அளத்தல் அறிதலின் தொடக்கம் என்று விஞ்ஞானிகள் கூறுவர். அறிதல் கடமையின் தொடக்கம் என்று அறநூலார் கூறுவர். இவ்விரண்டு கூற்றுக்களையும் தனித்தனியே சொன்னால் எவரும் ஒப்புக்கொள்வர். இரண்டையும் சேர்த்து, 'அளந்தவன் கடமைப்பட்டவன்' என்று சொன்னால் மட்டும் பலர் தயங்குவர். அந்தத் தயக்கம் நியாயமானதுதானா என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மகாவலி கரைகடந்து கம்பளை நகரினுள் புகுந்தது, மலைகள் சரிந்தன, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சேறு கழுவப்பட்டுப் பாடசாலை மீண்டும் இயங்கத் தொடங்கிய பின் ஒருநாள், வராதிருந்த புவியியல் ஆசிரியருக்குப் பதிலாக நான் வகுப்புக்குச் செல்ல நேர்ந்தது. நான் தமிழாசிரியன். பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல், அண்மையில் படித்த செய்தியொன்றைச் சொல்லத் தொடங்கினேன். வடதுருவத்தை அடுத்த துந்திரா நிலம் உருகுகிறது என்றும், அம்மண்ணிலிருந்து எழுந்து காற்றிற் கலக்கும் காபனை விஞ்ஞானிகள் இரவு பகலாக அளந்து கணக்கெழுதுகிறார்கள் என்றும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனது குடும்பம் லயத்து அறையை இழந்து உறவினர் வீடொன்றில் ஒண்டியிருந்தது.

"அந்த மண்ணுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறாங்களே சேர், எங்க மண்ணுக்கு யாரு கணக்குப் பார்த்தா?" என்றான்.

"அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன் நான்.

பதினைந்து ஆண்டுக்காலம் கற்றும் கற்பித்தும் நான் பெற்ற அறிவின் பயன் அவ்வளவுதானா என்ற வெட்கம் அன்று மாலை முழுவதும் என்னை விடவில்லை. அவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

* * *

முதலில் அந்தத் தூரத்து மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

இரண்டு ஆண்டுகளுக்கேனும் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் நிலத்தை நிலையாக உறைந்த நிலம் என்பர். வட அரைக்கோளத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 15 சதவீதத்தின் அடியில் அது பரந்து கிடக்கிறது. சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர் 1828 ஆம் ஆண்டு தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டி 116 மீற்றர் ஆழம் சென்றும் தண்ணீர் வரவில்லை. உறைந்த மண்ணே வந்தது. தண்ணீருக்காக வெட்டிய அந்தக் கிணறு விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது. 1840 களில் மிடென்டோர்ப் என்ற அறிஞர் அதற்குள் வெப்பமானிகளை இறக்கி, ஆழத்துக்கு ஆழம் மண்ணின் வெப்பநிலையை அளந்தார். உறைந்த நிலத்தைப் பற்றிய ஒழுங்கான அறிவு அவ்வாறு தொடங்கிற்று.

இம்மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மடிந்த புல்லும் பாசியும் விலங்கும் முற்றாக அழுகாமல் உறைந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள காபன் 1,460 முதல் 1,600 பில்லியன் தொன் வரை இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. இன்று வளிமண்டலத்தில் உள்ள காபனைப் போல் இது ஏறக்குறைய இருமடங்கு. மண் உறைந்திருக்கும்வரை அந்தக் காபனும் உறங்கும். மண் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்துத் தம் வேலையைத் தொடங்கும். காற்றுப் புகும் மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டு எழும். நீர் தேங்கிய மண்ணிலிருந்து மெதேனும் எழும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டைப் போல் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது. எழுந்த வாயு உலகை மேலும் சூடாக்கும். சூடு மேலும் மண்ணை இளக்கும். 1979 முதல் வடதுருவப் பிரதேசம் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறி வந்துள்ளது.

இயங்கியலைக் கற்பிப்போர் அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதை விளக்க நீரையே உதாரணம் காட்டுவது பழைய வழக்கம். பூச்சியத்துக்கு ஒரு பாகை கீழே மண் பாறையாக நிற்கிறது. ஒரு பாகை மேலே அதே மண் சேறாகிறது. வேறுபாடு இரண்டே பாகை. ஆனால் சேறாகிய மண்ணை மீண்டும் பாறையாக்கினாலும் அதிலிருந்து எழுந்துபோன காபன் அதனுள் திரும்பி வராது.

இதை எவ்வாறு அளக்கிறார்கள்? ஒரு முறை மிக எளியது. கண்ணாடிப் பெட்டி ஒன்றை நிலத்தின்மேல் கவிழ்த்து, அதனுள்ளே வாயு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்று பார்ப்பது. மற்றையது நுட்பமானது. புல்வெளியின் நடுவே ஒரு கோபுரத்தை நட்டு, அதன்மேல் இரண்டு கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று ஒலியலைகளால் காற்று மேலெழுகிறதா, கீழிறங்குகிறதா என்பதை அறியும். மற்றொன்று செங்கீழ்க் கதிர்களால் அக்காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் செறிவை அறியும். ஒரு செக்கனுக்குப் பத்து முறை, இருபது முறை இவ்விரண்டும் குறிக்கப்படுகின்றன. காற்று நேர்கோட்டில் ஓடுவதன்று. ஆற்றுநீர் போல் சிறு சிறு சுழிகளாகப் புரண்டு செல்வது. மேலெழும் சுழியில் காபன் மிகுந்திருந்தால் மண் செலவு செய்கிறது. கீழிறங்கும் சுழியில் மிகுந்திருந்தால் மண் வரவு வைக்கிறது. கோடையில் வெளிச்சமுள்ள நேரமெல்லாம் செடிகள் ஒளித்தொகுப்பினால் வரவு வைக்கும். கூதிரும் பனியும் வந்தபின் மண் சிறிது சிறிதாகச் செலவு செய்யும். மேற்பரப்பு உறைந்தபின்னும் உள்மண் மாதக்கணக்காக மூச்சுவிடும். எனவே கோடையில் மட்டும் அளந்துவிட்டு வருபவன், சம்பளநாளன்று மட்டும் குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்தவனாவான்.

குளிர்காலத்தில் அளப்பதோ எளிதன்று. கருவியில் பனி படியும், மின்கலம் சோரும், சூரியன் வாரக்கணக்கில் எழாது. அந்த இருளில் நடந்து சென்று பனியைத் துடைத்துவிட்டு வருபவரும் உழைப்பாளியே. அவரது உழைப்பை நாம் இகழ்தல் ஆகாது.

அவர்கள் கண்டது என்ன? அலாஸ்காவின் துந்திரா காபனை உள்வாங்குவதை விடுத்து வெளிவிடத் தொடங்கியுள்ளது என்று ஓஷல் என்பவரும் அவரது தோழர்களும் 1993 இலேயே எழுதினர். ஓரிடத்து அளவை எல்லா இடத்துக்கும் பொருத்தலாமா என்று மற்றவர்கள் கேட்டனர். அக்கேள்வி நேர்மையானது. மேலும் பல கோபுரங்கள் எழுந்தன, ஆண்டுகள் கழிந்தன. 2024 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்காவின் வடதுருவ ஆண்டறிக்கை, காட்டுத்தீயினால் எழும் காபனையும் சேர்த்துப் பார்த்தால் துந்திரா பிரதேசம் உள்வாங்கும் நிலமாக இல்லாமல் வெளிவிடும் நிலமாகிவிட்டது என்று கூறிற்று. இதற்கிடையே 2022 இல் உக்ரேன் மீது ருஷ்யா தொடுத்த போர், ருஷ்ய விஞ்ஞானிகளுக்கும் மேற்குநாட்டு விஞ்ஞானிகளுக்கும் இடையிலிருந்த கூட்டுறவைப் பெருமளவு அறுத்துவிட்டது. உறைந்த நிலத்தின் மிகப் பெரிய பங்கு ருஷ்யாவிலேயே உள்ளது. மனிதகுலம் தன் கணக்கேட்டின் பாதிப் பக்கங்களைத் தானே கிழித்துக்கொண்டது என்றால் அது மிகையன்று.

* * *

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. இந்தக் காபன் யாருடைய கடன்?

நாடுகள் தத்தம் காபன் கணக்கை உலக மன்றத்துக்குச் சமர்ப்பிக்கின்றன. ஆலையின் புகை அதில் உண்டு; வாகனத்தின் புகை உண்டு; வெட்டிய காடும் உண்டு. ஆனால் மனிதன் கைவைக்காத நிலத்திலிருந்து தானாக எழும் காபன் எந்த நாட்டின் பேரிலும் எழுதப்படுவதில்லை. உருகும் துந்திராவின் காபனை எவரும் எரிக்கவில்லை, எவரும் விற்கவில்லை. ஆகவே எவரும் பொறுப்பில்லை என்பது கணக்கர்களின் தீர்ப்பு.

இத்தீர்ப்பு சரியா? கம்பளையைச் சூழ்ந்த மலைகளில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கப் பெரிய தத்துவம் வேண்டியதில்லை. மலையுச்சியில் ஒருவன் ஒரு பாறையைப் பெயர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். பாறை உருண்டு இன்னொரு பாறையைப் பெயர்க்கிறது. அது கீழேயுள்ள குடிசையை நசுக்குகிறது. 'குடிசையில் விழுந்த பாறையை நான் தொடவேயில்லை' என்று அவன் சொன்னால் எந்தப் பஞ்சாயத்து ஏற்கும்? முதற்பாறையைப் பெயர்த்தவன் கடன்காரன். பெயர்த்ததால் இலாபம் பெற்றவன் பெருங்கடன்காரன்.

1958 இல் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 2024 இல் அது 420 ஐக் கடந்திருந்தது. இந்த ஏற்றம் யாரால் வந்தது? இலங்கையில் ஒருவர் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு எழுதப்படுகிறது. அமெரிக்காவில் ஒருவர் பேரில் ஏறத்தாழ பதினான்கு தொன். அந்த ஒரு தொன்னிலும், லயத்து அறையில் விறகடுப்பு மூட்டுபவளின் பங்கையும் கொழும்பில் குளிரூட்டிய மாளிகையில் வாழ்பவரின் பங்கையும் சமமாகப் பங்கிட்டால் அது கணக்காகுமேயன்றி நியாயமாகாது. 'மனிதன் உலகைக் கெடுத்தான்' என்ற வாக்கியத்தில் மனிதன் என்பவன் யார் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

* * *

இனி எம் மண்ணுக்கு வருவோம்.

1824 அளவில் ஜோர்ஜ் பேட் என்ற ஆங்கிலேயர் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் கோப்பி பயிரிட்டார். இலங்கையில் வர்த்தகத்துக்காகத் தொடங்கப்பட்ட முதற் கோப்பித் தோட்டங்களுள் அது ஒன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. அதன்பின் மலைச்சரிவுகள் மலிவாகக் கைமாறின. காடு வெட்டப்பட்டது; வெட்டியது எரிக்கப்பட்டது. ஆயிரமாண்டுக் காடு ஒரு வெயிற்காலத்தில் புகையாயிற்று. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபின், 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நிழல் போன சரிவுகளில் பெய்த மழை மேல்மண்ணை வாரி மகாவலியில் சேர்த்தது.

இவற்றைத் தோட்டக்காரர்கள் கணக்கில் எழுதினார்களா? கோப்பி மூட்டைகளை எழுதினார்கள். தேயிலை இறாத்தல்களை எழுதினார்கள். தமிழகத்திலிருந்து நடந்து வந்து வழியில் மாண்ட கூலிகளின் பெயர்களை எழுதவில்லை. புகையான காட்டையும் ஆற்றோடு போன மண்ணையும் எந்தப் பேரேட்டிலும் பதியவில்லை. துந்திராவின் காபன் இன்று எவர் கணக்கிலும் இல்லாததைப் போல, எம் மலைகளின் காபனும் அன்று எவர் கணக்கிலும் இல்லை. எது அளக்கப்படும், எது அளக்கப்படாது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. தராசைக் கையில் வைத்திருப்பவனே தீர்மானிக்கிறான்.

அளக்கப்படாமை ஒரு கொடுமை. அளக்கப்படுவதும் சிலவேளை கொடுமையாகலாம். 1948 இல் குடியுரிமையற்றவராக்கப்பட்ட எம் மக்களை 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எவ்வாறு பங்கிட்டது? 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். மூட்டைகளைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். எண்கள் துல்லியமாகத்தான் இருந்தன. துல்லியம் ஒன்றே அறமாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

* * *

'அப்படியாயின் இந்த அளவைகளை நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? காபன் பேச்சு பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு. எமக்குச் சம்பளப் போராட்டமே போதும்' என்று என் நண்பரொருவர் வாதிட்டார். அவர் தொழிற்சங்கத்தில் நெடுநாள் உழைத்தவர். அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை என் அம்மாயியிடமிருந்து கற்றேன்.

அம்மாயி கொழுந்து பறித்தவள். அவள் காலத்தில் கொழுந்து மடுவத்தில் நிறுப்பவர் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தம் மனம்போல் கழித்துக்கொள்வார். தராசின் முகம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். ஒருநாள் அம்மாயியும் வேறு சில பெண்களும் கூடையை இறக்க மறுத்து, 'முள்ளை எங்கள் பக்கம் திருப்பு' என்று நின்றார்கள். அவர்களில் எழுத்தறிந்தவர் எவருமில்லை. முள் எங்கே நின்றால் எத்தனை இறாத்தல் என்பதைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளிடம் கேட்டுப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு நாள் பேர் போடவில்லை. மூன்றாம் நாள் தராசு திரும்பிற்று.

அவர்கள் தராசை உடைக்கவில்லை என்பதை என் நண்பர் கவனிக்க வேண்டும். தராசை உடைப்பவன் நிறுப்பவனின் வாய்ச்சொல்லுக்கு அடிமையாவான். நடுவுநிலைமையைச் சொல்ல வந்த வள்ளுவரும் துலாக்கோலையே உவமையாக எடுத்தார். ஆனால் கோலின் நேர்மை மட்டும் போதாது. கோலைப் பார்க்கும் உரிமையும் எல்லார்க்கும் வேண்டும்.

இதனோடு இன்னொரு நேர்மையும் நமக்கு வேண்டும். கம்பளையில் சரிந்த மலைக்குத் துந்திராவே காரணம் என்று நான் என் மாணவனிடம் சொன்னால் அது பொய். ஒரு சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு: மண்ணின் இயல்பு, வெட்டப்பட்ட காடு, அடைபட்ட நீரோடை, கண்டபடி குடையப்பட்ட பாதை. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. தாங்கிய காற்று ஒருநாள் இறக்கியே தீரும். துந்திராவுக்கும் எம் மலைக்கும் இடையேயுள்ள நூல் மெல்லியது. எனினும் அது அறுந்த நூலன்று.

* * *

இப்பொழுது தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். அளந்தவன் கடமைப்பட்டவனா?

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது, பின்னரும் எச்சரிக்கப்பட்டது. அளவை இருந்தது, அறிவு இருந்தது. மாற்று நிலம் மட்டும் கைக்கு வரவில்லை. இவ்வாறே அலாஸ்காவில் நியூட்டொக் என்ற யூப்பிக் மக்களின் கிராமம், அடிமண் இளகி ஆறு கரையை அரித்ததால் இடம்பெயர வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. முதற் குடும்பங்கள் புதிய ஊருக்குச் சென்றது 2019 இலேதான். உலகின் மிகச் செல்வமுள்ள நாட்டிலும் அறிவுக்கும் செயலுக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் கிடந்தன. அங்கும் இங்கும் காத்திருந்தவர்கள் நிலத்தின்மீது அதிகாரமில்லாதவர்கள்.

அறியாமையால் வரும் தீங்கைத் துயரம் என்கிறோம். அறிந்தபின் வரும் தீங்கை அவ்வாறு சொல்லித் தப்ப முடியாது. அதற்குக் குற்றம் என்றே பெயர். அளவை செய்வது இதுதான்: துயரத்தின் எல்லையைக் குறுக்கிக் குற்றத்தின் எல்லையை விரிக்கிறது. அதனாற்றான் அதிகாரத்திலிருப்போர் அளவை முடிவதை விரும்புவதில்லை; 'இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை' என்ற வாசகத்தின் பின்னே ஒதுங்குகிறார்கள். விஞ்ஞானி 'நிச்சயமில்லை' என்று சொல்வது அவரது நேர்மை. அதே சொல்லைக் கடன்காரன் சொன்னால் அது தவணை கேட்பது.

ஆகவே அளந்தவன் கடமைப்பட்டவன் என்றே நான் கருதுகிறேன். அவனைவிட, அளவு தெரிந்தும் ஆற்றலிருந்தும் அசையாதவன் பன்மடங்கு கடமைப்பட்டவன். அளக்கப்பட்டவனுக்கோ தராசு முள்ளைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கும் உரிமை உண்டு. அந்த முள்ளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் கடமை ஆசிரியனுடையது.

மறுவாரம் அந்த வகுப்பில் மீண்டும் அனுமதி கேட்டு நுழைந்தேன். அன்று சொன்ன விடைக்காக அந்த மாணவனிடம் எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். பின்பு நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் பாத்திரமொன்றில் மில்லிமீற்றர் கோடுகளிட்ட தாளை ஒட்டி மழைமானி செய்தோம். இருபத்துநான்கு மணிநேரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் சரிவுப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்ற எச்சரிக்கை அளவைக் கரும்பலகையில் எழுதினேன். மாணவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு மறுபடியும் எழுந்தான்.

"வெளியேறி எங்க சேர் போறது?"

இம்முறை உட்காரச் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குரிய விடை என்னிடத்தில் இல்லை. அது நிலத்தை வைத்திருப்பவர்களிடத்தில் இருக்கிறது. அதை அவர்களிடம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவோம் என்றேன். வகுப்பிலுள்ள முப்பத்திரண்டு பிள்ளைகளும் தத்தம் லயத்தின் மேலுள்ள சரிவையும், மழையளவையும், குடும்பத்தின் தொகையையும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்ப் பாடவேளையில் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பரீட்சைக்கு வராத பாடம்தான்.